பேரில்லாத ஆளுக்கு ஒரு பிடி அரிசி

எட்டாம் வகுப்பில் படித்த ஒரு பெண்பிள்ளை என்னால் பள்ளிக்கூடத்தை விட்டாள். அவளுடைய மாமா என்னால் பதினொரு மாதம் தடுப்புக் காவலில் இருந்தார். இரண்டும் தன்னால் நடந்தவை என்று அந்தப் பிள்ளை எட்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தாள். அப்படி நம்ப விட்டவன் நான். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மிச்சத்தை ஓரளவு ஒழுங்காகச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் இந்த ஐந்து வரி எழுதுவதற்குள் இரண்டு தரம் எழுந்து வாசல்வரை போய் வந்துவிட்டேன்.

நான் யாழ்ப்பாணத்தவன். முதல் நியமனத்தில் பதுளைக்கு வந்தேன். மூன்று வருடத்தில் மாற்றம் கேட்டுப் போய்விடலாம் என்று வந்தவன், போகவேயில்லை. கடைவீதிக்குப் பின்னால் ஒரு அறை. காலையில் பஸ்ஸில் தெமோதரை. அங்கிருந்து தேயிலைக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஏறினால் தோட்டப் பாடசாலை. நீளமான ஒரே மண்டபத்தைக் கரும்பலகைகளால் தடுத்து வகுப்புகள் ஆக்கியிருந்தார்கள். பக்கத்து வகுப்பின் வாய்பாடு என் வகுப்பின் வரலாற்றுக்குள் வந்து விழும்.

நான் சொல்லுவது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வடக்கில் யுத்தம். பெற்றோரும் தங்கையும் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கோ நடந்துகொண்டிருந்த காலம் அது. கடிதம் வராது. வந்தாலும் மூன்று மாதம் பழையதாக இருக்கும். இங்கே நான் எட்டாம் வகுப்புக்கு இரண்டாம் உலக யுத்தம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எந்த நாடு எந்த நாட்டைத் தாக்கியது என்று நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒருநாள் கடைசி வாங்கில் இருந்த ஒருவன் கையைத் தூக்கினான்.

“சேர், அந்தச் சண்டையில நம்ம தோட்டம் என்னங்க செஞ்சிச்சு?”

“கொழுந்து பறிச்சிருக்கும், வேறென்ன” என்றான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன். வகுப்பு சிரித்தது.

பட்டப்படிப்பு முடித்தவனுக்கு, கால்களுக்குக் கீழே இருந்த மலையில் அந்த யுத்த காலத்தில் மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. அடுத்த வாரம் கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். சண்டைக் காலத்தில் வீட்டில் என்ன சமைத்தார்கள், விளக்குக்கு என்ன செய்தார்கள், உடுக்க என்ன இருந்தது, எதை ஒளித்துவைத்தார்கள் என்று அவரவர் லயத்து வரிசை வீடுகளில் வயதானவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. நடக்கிற யுத்தத்தைப் பற்றி வகுப்பில் வாய் திறக்க முடியாது. அதிலும் என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில் பஸ்ஸிலிருந்து இறக்கி, பொழுதுபடும்வரை ஒரு வாங்கில் இருத்தி வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. ஏசவுமில்லை. பெயரை ஏழு தரம் கேட்டார்கள், அவ்வளவுதான். அதன்பிறகு காக்கி உடுப்பைக் கண்டால் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். முடிந்துபோன யுத்தத்தைப் பற்றி எவ்வளவும் பேசலாம் என்று நான் நம்பினேன். நாளும் பொழுதும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்ததை வேறொரு யுத்தத்தின் பெயரில் பேசிக்கொள்ள எனக்கு வழி கிடைத்தது.

பிள்ளைகள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். பர்மாவிலிருந்து அரிசிக் கப்பல் நின்றுபோனது, பஜ்ரி என்று ஒரு தானியம் போட்டார்கள், அது தொண்டைக்குள் இறங்காது, மரவள்ளிக் கிழங்கே மூன்று வேளையும் என்று எழுதி வந்தார்கள். ஒரு காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், இரண்டு பெண்களுக்கு ஒரு சேலைதான் நல்ல சேலை, ஒருத்தி மலைக்குப் போனால் மற்றவள் உள்ளேயே இருப்பாள் என்று ஒரு சிறுமி சொன்னாள். பிறகு ஒருவன் எழுந்து, தன் தாத்தா ஜப்பான் பிளேனை இந்த மலைக்கு மேலே பார்த்ததாகவும், ஓட்டினவனுடைய பல் தெரிந்ததாகவும் சொன்னான்.

“பொய்தான் சேர்” என்று அவனே சேர்த்துக்கொண்டான். “அப்ப அவருக்கு ரெண்டு வயசுங்க.”

வகுப்பின் ஒரு மூலையை அந்தக் காலத் தோட்ட ஸ்டோர் ஆக்கினோம். அரிசிக்குப் பதில் ஆற்று மணல். அளக்கச் சுண்டு என்ற தகரக் குவளை. தோட்டத்தின் செக்றோலில், அதாவது வேலைப் பேரேட்டில், பெயர் உள்ளவருக்கு மட்டும்தான் அரிசி. அதற்காக ஒவ்வொரு பிள்ளையும் தன் காம்பராவில் உள்ளவர்களின் பட்டியலை எழுதிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளையாக நடித்தவன் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, “ஒங்க வீட்டுல எத்தன வயிறு? ஒன் அண்ணன் வேலைக்கே வரலியே, அவனுக்கு எதுக்கு அரிசி, போ போ” என்று எல்லாரையும் விரட்டினான். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வருடம் நான் சிரித்த நாட்கள் அவைதான்.

அந்தப் பிள்ளை யன்னலோரம் இருப்பாள். தாள் மிச்சம் பிடிப்பதற்காக எறும்பு எறும்பாக எழுதுவாள். மற்றவர்கள் ஒருவரிடம் கேட்டால் இவள் ஐந்து பேரிடம் கேட்பாள். அவளுடைய லயத்தில் வேலையிலிருந்து நின்றுவிட்ட ஒரு முதியவர் இருந்தார். அவர் சொன்னதைத்தான் இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். யுத்த காலத்தில் வேறு தோட்டத்திலிருந்து ஓடிவந்தவர்களுக்கும், கங்காணியோடு சண்டை போட்டு வந்தவர்களுக்கும் இங்கே பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் அரிசி இல்லை. அதனால் லயத்துப் பெண்கள் உலை வைக்குமுன் ஆளுக்கு ஒரு பிடி எடுத்து, கடைசிக் காம்பராவின் இஸ்தோப்பில், முன் திண்ணையில், தொங்கிய தகரப் பேணியில் போட்டுவிட்டுப் போவார்கள். யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. கணக்கப்பிள்ளை கேட்டால், கோழிக்கு என்று சொல்வார்கள்.

இதுவரைக்கும் அது பழைய யுத்தம். கடைசிப் பந்தி இது. நினைவிலிருந்து எழுதுகிறேன், சொற்கள் பெரும்பாலும் அவளுடையவைதான்:

“இப்பொழுதும் எங்கள் லயத்தில் இந்தப் பழக்கம் உண்டு. வவுனியாவில் இருந்து எங்கள் மாமா வந்து இருக்கிறார். அவருக்கு இங்கே பேர் இல்லை. அடையாள அட்டையும் இல்லை. எட்டு வீட்டிலும் ஒரு பிடி போடுகிறார்கள். மாமா வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிடுவார்.”

பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அந்தப் பந்தி என்ன என்று எனக்கு விளங்கவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. நன்றாக விளங்கியது. முன்பு நடந்த கலவரங்களுக்குப் பயந்து இந்த மலையிலிருந்து வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்களில் ஒன்றின் மகன், அங்கே யுத்தம் துரத்த, அக்காவிடம் திரும்பி வந்திருக்கிறான். அட்டை இல்லாததால் பொலிஸில் பதியவில்லை. பதியாமல் ஒருவரை வீட்டில் வைத்திருப்பது அந்த நாட்களில் எவ்வளவு பெரிய குற்றம் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தத் தோட்டத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

அதை வெட்டிவிடப் பேனாவைத் திறந்தேன். வெட்டவில்லை. அந்தப் பந்தி இல்லாமல் அது கிழவர் ஒருவரின் கதை. அந்தப் பந்தியோடு அது வரலாறு. என் மாணவி ஒருத்தி, நான் படிப்பித்து, இப்படி எழுதியிருக்கிறாள். பிள்ளைகள் சேர்த்ததை எல்லாம் வைத்து நாங்கள் நடத்தவிருந்த கண்காட்சிக்குக் கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி ஒருவர் வர இருந்தார். அவர் இதை வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பந்தியின் கீழே சிவப்புக் கோடு இழுத்து, ஓரத்தில் “மிக நன்று” என்று எழுதினேன்.

மறுநாள் அதைப் பெரிய எழுத்தில் பிரிஸ்டல் மட்டையில் எழுதித் தரச் சொன்னேன். அவள் மட்டையை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

“சேர், மாமா விசயத்தையும் எழுதவாங்க?”

“எழுது பிள்ளை” என்றேன். “பழைய சண்டையைப் பற்றின பாடம்தானே. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்.”

அவள் எழுதினாள். சிவப்புக் கோட்டை நானே மார்க்கரால் இழுத்தேன். மண்டபத்தின் நடுவில், எல்லாரும் பார்க்கும் உயரத்தில் தொங்கவிட்டேன்.

அந்தக் காலத்தில் நாலு பேர் கூடுவதென்றாலும் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். அதிபர் கடிதம் எழுதியிருந்தார். அதனால் கண்காட்சிக்குக் காவலரணிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஒரு சார்ஜன்ட், ஒரு கொன்ஸ்டபிள். சார்ஜன்ட் நல்ல மனிதராகவே இருந்தார். ஸ்டோர் வரிசையில் பிள்ளைகளோடு நின்று ஒரு சுண்டு மணல் வாங்கினார். தன் அம்மாவும் பஜ்ரி தின்ற கதை சொல்லுவார் என்று சிங்களத்தில் என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் கூடவே நடந்து ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு வந்தேன். என் சிங்களம் நல்ல சிங்களம். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

மட்டைக்கு முன்னால் நின்றார். இந்த இடத்தில் மட்டும் ஏன் சிவப்புக் கோடு என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் கொன்ஸ்டபிள் குனிந்து, விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தான். வ, வு, னி, யா. அவன் அந்தப் பக்கம் வேலை செய்தவனாம். சார்ஜன்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. அந்தக் காலத்தில் இங்கிருந்து வவுனியாவுக்குப் போனவர்களைப் பற்றியது என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையின் கற்பனை என்று சொல்லியிருக்கலாம். கொன்ஸ்டபிளுக்கு ஊர்ப் பெயருக்கு மேல் வாசிக்கத் தெரியாது என்று பிறகு அறிந்தேன். அப்போது அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பொய் சொல்லி அவன் கண்டுபிடித்தால் என்ற நினைப்பு மட்டும்தான் தலைக்குள் இருந்தது. முழுப் பந்தியையும் சிங்களத்தில் சொன்னேன், ஒரு சொல் விடாமல். அடையாள அட்டை இல்லை என்பதையும் சொன்னேன்.

அந்தப் பிள்ளை நாலு அடி தள்ளி, சுட்டிக்காட்டும் பிரம்போடு நின்றாள். அவளுக்குச் சிங்களம் தெரியாது. நான் அவளைப் பற்றிப் புகழ்ந்து சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சார்ஜன்ட் அடுத்த மட்டைக்குப் போனார். தேநீர் குடித்தார். வருகைப் புத்தகத்தில் இரண்டு வரி வாழ்த்து எழுதினார். மறுநாள் காலை பெரட்டுக்கு, வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரம், ஜீப் லயத்துக்குப் போய் மாமாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது.

எனக்குப் பாடசாலைக்கு ஏறும் வழியிலேயே செய்தி கிடைத்தது. பிள்ளை அன்று வரவில்லை. பத்து மணிபோல அவளுடைய அம்மா வந்தார். மலையிலிருந்து நேரே வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதிபரின் மேசைக்கு முன்னால், இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றார்.

அதிபர் என்னைப் பார்த்து, யார் இப்படி எழுதச் சொன்னது என்று கேட்டார். நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். “நான் பழைய சண்டையைப் பற்றித்தான் கேட்டனான். கடைசிப் பந்தியைப் பிள்ளை தானாச் சேர்த்துப்போட்டுது.” அதை யார் அவர்களுக்கு வாசித்துக் காட்டியது என்று அடுத்துக் கேட்டார். “அந்தக் கொன்ஸ்டபிளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்” என்றேன்.

இரண்டு வாக்கியத்திலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தன.

தாய் நம்பினார். “வெளிய வாயத் தொறக்காதடின்னு சொல்லித்தாங்க வச்சிருந்தேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சேர், நீங்க ஒரு எட்டு பொலிசுக்கு வந்து, இது இஸ்கூல் வேலை, இவன் என் கூடப் பொறந்தவன், பொழப்புக்கு வந்தவன்னு அவுங்க பாஷையில சொன்னாப் போதுங்க. நாங்க சொன்னா அவுங்களுக்கு வெளங்காது.”

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தெமோதரைச் சந்தியில் நிற்கிறேன் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் ஏழு மணிக்கு நான் பதுளை பஸ் நிலையத்தில் நின்றேன். தெமோதரைப் பக்கம் போகும் பஸ் வந்தது. விட்டேன். அடுத்தது வந்தது. ஒரு காலை மிதிபலகையில் வைத்தேன். கொண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினான், காலை எடுத்துவிட்டேன். பிறகு வேறு பக்கம் போகும் பசறை பஸ்ஸில் ஏறி, மூன்றாவது தரிப்பில் இறங்கி, திரும்பி நடந்தேன். காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்து நாலு நாள் லீவு எடுத்தேன். காய்ச்சல் இல்லை. அறைக்குள்ளும் இருக்க முடியவில்லை. கடைவீதி, ஆற்றுப் பாலம், ஆஸ்பத்திரி வீதி, மறுபடியும் கடைவீதி என்று நடந்தேன். மருந்துக் கடைக்காரர் மூன்றாம் தரம் என்னைக் கண்டபோது, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா மாஸ்டர் என்று கேட்டார்.

அவர்கள் சந்தியில் பதினொரு மணிவரை நின்றார்களாம். தாயும் இன்னும் இரண்டு பெண்களும். பிறகு தாங்களாகவே போய், தமிழில் அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள். மாமாவை அந்த வாரமே வேறு ஊர்த் தடுப்பு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள்.

பிள்ளை இரண்டு வாரம் கழித்து வந்தாள். மூன்று நாள்தான் வந்தாள். வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது: எழுதிக் குடுத்தவ. லயத்திலும் அதே பெயர்தான் என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள் இடைவேளையில் என் மேசைக்கு வந்தாள்.

“சேர், நான் அந்தக் கடைசியில உள்ளத எழுதாம இருந்திருந்தா மாமாவப் புடிச்சிருக்க மாட்டாங்கல்ல?”

நான் கொப்பிகளை அடுக்கிக்கொண்டே, “அதுகளை விட்டுட்டுப் படிப்பைக் கவனி பிள்ளை” என்றேன்.

நீங்கள்தானே எழுதச் சொன்னீர்கள் என்று அவள் சொல்லுவாள் என்று பயந்தேன். சொல்லவில்லை. அடுத்த தவணை தொடங்கியபோது, கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். அவளுக்குப் பதினான்கு வயது முடிந்திருக்காது. பதினொரு மாதம் கழித்து மாமா வெளியே வந்தார். லயத்துக்கு வராமலே வவுனியாப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு என்ன நடந்தது? நற்சான்றிதழ் கிடைத்தது. கண்காட்சி முன்மாதிரியானது என்று கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த வருடம் பூனாகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் அதே வேலையைச் செய்து காட்டக் கூப்பிட்டார்கள். போனேன். அங்கேயும் மணல் அளந்தோம், பிள்ளைகள் அங்கேயும் சிரித்தார்கள். கேள்வித்தாளின் அடியில் மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தேன்: தற்கால விடயங்கள் எதையும் எழுதக் கூடாது.

சமாதானம் வந்து வடக்குப் பாதை திறந்த காலத்தில் நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஊருக்கு ஒருமுறை போய், கூரையில்லாத வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். இரத்த அழுத்தத்துக்கு மாதம் ஒரு தரம் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போவேன். அங்கே வாங்கில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், என்னைக் கண்டதும் எழுந்து இடம் விட்டாள்.

“சேர்தானே? இருங்க சேர். மெலிஞ்சு போயிட்டீங்க.”

எட்டு வருடம். அவள்தான். தோட்டத்துக்கே திரும்பி வந்து கல்யாணம் முடித்து, கொழுந்து எடுக்கிறாளாம். அம்மாவின் மருந்துக்காக வந்திருக்கிறாளாம். எல்லாவற்றையும் மரியாதையாகச் சொன்னாள். அவள் விட்ட இடத்தில் என்னால் இருக்க முடியவில்லை. நின்றபடியே, வரிசையில் இருந்தவர்கள் கேட்கிறார்களா என்று பார்க்காமல், சொன்னேன். பொலிஸுக்குச் சிங்களத்தில் சொன்னது நான்தான், அதிபரிடம் சொன்னது பொய், வருவதாகச் சொல்லி வராமல் விட்டதும் வேண்டுமென்றுதான்.

அவளுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. குழந்தை அவள் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பியது.

“எழுதவாங்கன்னு நான் ஒங்ககிட்டக் கேட்டேன்ல” என்றாள். “கேட்டது ஞாபகம் இருந்திச்சு சேர். ஆனா நீங்க அதிபர்கிட்ட அப்புடிச் சொன்னதுக்கப்புறம், நான் கேக்கவே இல்ல போல, கேட்டதா நானே நெனச்சுக்கிறேன் போலன்னு இருந்துட்டேன்.”

குழந்தையின் வாயிலிருந்து சங்கிலியை எடுத்துவிட்டாள்.

“இது தெரிஞ்சிருந்தா நான் இஸ்கூலுக்குப் போயிருப்பேங்க.”

அதையும் அவள் கோபமாகச் சொல்லவில்லை. விலை விசாரித்துவிட்டுச் சொல்வதுபோலச் சொன்னாள். மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினேன். அவள் தலையாட்டி நிறுத்தினாள். “என்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போவுது? லயத்துல வந்து சொல்லுங்க. ஞாயித்துக்கெழம எல்லாரும் இருப்பாங்க.” பிறகு கேட்டாள்: “வருவீங்களா?”

அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். நேரத்துக்கு முன்பே ஏறிவிட்டதால் லயத்துக்குக் கீழே பாதையில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பெண் எட்டிப் பார்த்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டபிறகுதான் மேலே போனேன். தாய் இஸ்தோப்பில் பலகையில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. மகள் என்னைப் பற்றி முன்பே சொல்லியிருக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல ஓரமாக நின்றாள். அக்கம்பக்கத்துக் காம்பராக்களில் இருந்து ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். நான் சொன்னேன். சொல்லி முடித்தபிறகு, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பதுபோல எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒரு நடுவயதுக்காரர், அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பாமலே, “இத்தன வருசமா நம்ம இந்தப் புள்ளயயில்ல ஏசிக்கிட்டிருந்தோம்” என்றார். ஒருத்தி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

தாய் அழவில்லை. “என் தம்பி எங்க வாசல மிதிச்சு எட்டு வருசமாவுது” என்றார். “நாங்க சோத்தையும் போட்டுப் புடிச்சும் குடுத்துட்டோம்னு அவன் நெனப்பு. ரெண்டு கடுதாசி போட்டோம். பதில் இல்ல. நீங்க எழுதுங்க. நீங்க செஞ்சத நீங்க எழுதுங்க.”

பக்கத்துக் காம்பராப் பிள்ளை ஒன்றின் அப்பியாசக் கொப்பியில் ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார்கள். முழங்காலில் வைத்து எழுதினேன். எழுதியதை மகள் வாங்கி, நின்றுகொண்டு, உரக்க வாசித்தாள். எட்டாம் வகுப்பில் வாசித்த அதே குரல். “அன்புடையீர், அக்காலத்தில் நிலவிய சூழ்நிலை காரணமாகத் தவிர்க்க முடியாதவாறு தங்களைப் பற்றிய தகவல்…”

“சூழ்நிலைன்னா யாரு?” என்றார் தாய்.

யாரோ பின்னால் சிரித்தார்கள். இன்னொரு தாள் கேட்டேன். இரண்டாம் தரம், தகவல் வெளிப்பட நேர்ந்தது என்று எழுதியிருந்தேன். அது தானா வெளிய வந்திச்சா என்று கேட்டார். மூன்றாவது தாள். பந்தியை மொழிபெயர்த்தேன் என்று எழுதியிருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்றார். சிங்களத்தில் சொன்னேன் என்று அர்த்தம் என்றேன். “அப்ப அப்புடியே எழுதுங்க. அவன் அஞ்சாம் வகுப்புத்தான்.”

நாற்பது வருடம் தமிழ் எழுதியவன் அன்று ஒரு பக்கத்தை நாலு தரம் எழுதினேன். நாலாவது இப்படி முடிந்தது:

“உங்கள் அக்கா மகள் என்னிடம் கேட்டாள், மாமாவைப் பற்றி எழுதவா என்று. நான் எழுதச் சொன்னேன். உங்களிடம் அட்டை இல்லை என்று பொலிஸுக்குச் சிங்களத்தில் சொன்னது நான். பயத்தில் சொன்னேன். பிறகு பிள்ளைமேல் பழி போட்டேன். உங்கள் அக்கா என்னைக் கூப்பிட்டார். வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. லயத்தில் உள்ள ஒருவரும் உங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை.”

கீழே என் பெயரையும், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதையும் எழுதினேன். மகள் அதையும் வாசித்தாள். தாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, பேர் போதும் என்றார். மற்றதை வெட்டினேன்.

பதுளையில் தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்று கையை நீட்டினேன். மகள் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். “நான் போட்டுக்கிறேங்க சேர்” என்றாள். அதில் ஏளனம் ஒன்றும் இல்லை. இரண்டே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது, அதை விட்டால் ஐந்தரைக்குத்தான் என்றும் சொன்னாள். யாரும் தேநீர் தரவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தோட்ட வீட்டில் எனக்குத் தேநீர் தராமல் விட்டது அன்று ஒரு நாள்தான்.

அதற்குப் பிறகு வந்த மூன்றாவது கிளினிக் நாளில் அவளை மறுபடியும் கண்டேன். நான் எதுவும் கேட்கவில்லை. வாங்கின் மறுமுனையில் இருந்தேன், எழுந்தேன், மருந்து யன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். அவளே பக்கத்தில் வந்து நின்றாள்.

“மாமா எழுதியிருக்காருங்க.”

“என்ன எழுதினவர்?”

“அது ஒங்களுக்கு இல்லீங்க சேர், எனக்கு” என்றாள். நம்பரைக் கூப்பிட்டார்கள். குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.